வயதுக்கு வந்தால் வளர்ந்துவிடுவாளா?

என் மகளுக்கு ஏழு வயதானபோது உயரம் 105 சென்டிமீட்டர். "நீயும் குள்ளம்தானே, வயதுக்கு வந்தால் விறுவிறுவென்று வளர்ந்துவிடுவாள்" என்று என் மாமியார் சொன்னார். முதலில் காட்டிய மருத்துவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். ஆனால், பிறந்தநாள்தோறும் கதவு நிலையில் நான் போட்டுவந்த பென்சில் கோடுகளின் இடைவெளி 4 சென்டிமீட்டரைத் தாண்டாதது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு பார்த்த குழந்தைகள் ஹார்மோன் நிபுணர், பிறந்தபோது அவளுடைய புறங்கால்கள் வீங்கியிருந்தனவா என்று கேட்டார். வீங்கியிருந்தன, தானாக வடிந்துவிட்டதால் நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். குரோமோசோம் பரிசோதனையில் டர்னர் சின்ட்ரோம் என்று தெரிந்தது. ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு, இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுவதுமாகவோ பகுதியாகவோ இல்லாமல் போவதால் இது வருகிறது. எலும்பு வளர்ச்சிக்குத் தேவையான ஷாக்ஸ் மரபணுவின் ஒரு பிரதி அதோடு போய்விடுவதுதான் குள்ளமாக இருப்பதற்கு முக்கியக் காரணம். சினைப்பைகளும் சீக்கிரமே செயலிழப்பதால், இவர்களில் பெரும்பாலோர் சிகிச்சையின்றி வயதுக்கு வருவதே இல்லை என்று அவர் விளக்கியபோது, இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தோம் என்று எனக்கு நெஞ்சடைத்தது.

உயரத்துக்காக வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாம் என்றார் அவர். ஆனால், அவள் ரத்தத்தில் அந்த ஹார்மோன் குறையவில்லை. இருப்பதைவிட அதிகமாகக் கொடுத்து எலும்புகளை வளரத் தூண்டுவதுதான் இந்தச் சிகிச்சை என்பது எனக்குப் பிடிபடச் சில நாட்கள் ஆயின. கனடாவில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் போடாதவர்களைவிடச் சராசரியாக 7 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்ந்திருந்தார்கள். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொன்னது நல்லதாயிற்று. இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், காதுக்குக் கேட்கும் திறன் சோதனை எல்லாம் எடுத்த பிறகே ஊசியைத் தொடங்கினோம்.

நான்கு ஆண்டுகளாக இரவு ஒன்பது மணிக்கு ஊசி. ஃப்ரிட்ஜிலிருந்து பேனா வடிவ ஊசியை எடுத்து, இன்று வலது தொடை, நாளை இடது தொடை என்று இடம் மாற்றிக் குத்தி, மருந்து முழுவதும் இறங்குவதற்காகப் பத்து எண்ணிய பிறகே ஊசியை எடுப்போம். அந்தப் பத்தை எண்ணுவது அவள்தான். எடைக்கேற்ப அளவு கூடுவதால், அவள் வளர வளரச் செலவும் வளர்கிறது. நகையை அடகு வைத்த மாதங்களும் உண்டு. முதல் ஆண்டில் கதவு நிலையில் கோடு 8 சென்டிமீட்டர் ஏறிய அன்று, அவள் அளவு நாடாவை வாங்கி இரண்டு முறை தானே அளந்து பார்த்தாள்.

இப்போது பதினொரு வயது, 129 சென்டிமீட்டர். அடுத்து, அவள் வயதுக்கு வருவதற்காக, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மிகக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே அதிகம் கொடுத்தால் எலும்பின் வளர்முனைகள் சீக்கிரம் மூடிக்கொள்ளும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளில் படிப்படியாகத்தான் கூட்டுவார்களாம். அதுவும் ஊசியா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. மாத்திரை அல்லது தோலில் ஒட்டும் பட்டை என்றதும் நிம்மதியாகத் தூங்கப் போனாள்.