# '#' போட்டுத் தொடங்கும் வரிகள்

கோடு மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட்டில் (Git) எடிட்டரைத் திறந்து கமிட் செய்தி, அதாவது ஒரு பதிவோடு சேர்க்கும் குறிப்பு, எழுதினால், # என்று தொடங்கும் வரியெல்லாம் செய்தியில் சேராத கமெண்ட் ஆகிவிடும், சேமித்ததும் காணாமல் போகும். டிக்கெட் எண்ணை வரியின் முதலிலேயே '#412 பில் தொகை திருத்தம்' என்று எழுதும் குழுக்களுக்கு இது பெரிய தொல்லை. தண்டையார்பேட்டையில் நாங்கள் துறைமுக கிளியரிங் ஏஜெண்டுகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம், அவர்கள் கேட்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு எண் உண்டு. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, மைனஸ் எம் போட்டா நம்பர் நிக்குது, அப்புறம் அமெண்ட் பண்ணா காணோமே?"

சரியாகத்தான் கவனித்திருக்கிறார். செய்தியை எடிட்டரில் திருத்தினால் மட்டுமே கிட் கமெண்ட் வரிகளை நீக்கும். மைனஸ் எம் (-m) போட்டுக் கமாண்டிலேயே செய்தியைக் கொடுத்தால் வெற்றிடங்களை ஒழுங்குபடுத்துவதோடு விட்டுவிடும். அதனால் முதல் கமிட்டில் பத்திரமாக இருந்த எண், பிறகு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்த அமெண்ட் (--amend) போட்டு எடிட்டரைத் திறந்தால் சத்தமில்லாமல் போய்விடும்.

எண்ணை வரியின் நடுவில் போடுங்கள் என்று ஆட்களைத் திருத்தப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கமெண்ட் குறியை மாற்றும் வசதி 1.8.2 பதிப்பிலேயே, 2013-இல், வந்துவிட்டது. கோர்.கமெண்ட்சார் என்ற அமைப்பில் ; என்று கொடுத்தால் போதும். டெர்மினலில் கொடுக்கும்போது மேற்கோள் குறிக்குள் போடுங்கள், இல்லையென்றால் ஷெல் அதைக் கமாண்டின் முடிவாக எடுத்துக்கொள்ளும். பழைய கமிட்டுகளைத் திருத்தி அடுக்க உதவும் இண்டராக்டிவ் ரீபேஸ் பட்டியலிலும் இதே குறிதான் வரும். எந்தக் கோப்புகளைக் கிட் கண்டுகொள்ளக் கூடாது என்று சொல்லும் கிட்இக்னோர் கோப்பில் மட்டும் # எப்போதும்போல் கமெண்ட்தான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உண்மையான சிக்கல் ஹூக்குகளில், அதாவது கமிட் செய்யும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளில், இருக்கிறது. கமிட் செய்தியைச் சோதிக்கும் ஸ்கிரிப்டுகளில் பலர் # வரிகளை கிரெப் என்ற தேடும் கமாண்ட் போட்டுத் தூக்கிவிடுகிறார்கள். குறியை மாற்றிய பிறகு அதே ஸ்கிரிப்ட் டிக்கெட் எண்ணை எறிந்துவிட்டு, கிட் எழுதிவைத்த குறிப்புகளைச் செய்தி என்று நினைத்துச் சோதிக்கும், கடைசியில் டிக்கெட் எண் இல்லை என்று நல்ல கமிட்டைத் தடுக்கும். குறியை ஸ்கிரிப்டில் நேரடியாக எழுதவே கூடாது. கிட் ஸ்ட்ரிப்ஸ்பேஸ் கமாண்டை --ஸ்ட்ரிப்-கமெண்ட்ஸ் சேர்த்து ஓட்டினால் அதுவே அமைப்பைப் பார்த்துச் சரியான வரிகளை நீக்கிக் கொடுக்கும். பிறர் பயன்படுத்த ஹூக் எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள், யார் என்ன குறி வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

கமெண்ட்சாருக்கு ஆட்டோ என்றும் ஒரு மதிப்பு உண்டு, செய்தியில் எந்த வரியின் தொடக்கத்திலும் இல்லாத குறியாகப் பார்த்து கிட்டே தேர்ந்தெடுக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். செய்திக்குச் செய்தி குறி மாறலாம் என்றால் ஹூக் எதை நம்பும்? கிட் 3.0-இல் அதை நீக்கப்போவதாகவும் அறிவித்துவிட்டார்கள்.

2024-இல் வந்த 2.45 முதல் // மாதிரி ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளும் வைக்கலாம், கோர்.கமெண்ட்ஸ்ட்ரிங் என்ற பெயரிலும் கொடுக்கலாம். பழைய பதிப்புகளுக்கு அந்தப் பெயர் தெரியாது, பேசாமல் தாண்டிவிடும்; ஆனால் கமெண்ட்சாரில் இரண்டு எழுத்தைப் பார்த்தால் பிழை காட்டும். இரண்டு வகைப் பதிப்பும் கலந்து ஓடும் இடத்தில் முதலில் கமெண்ட்சாரில் ; வைத்து, அதற்குக் கீழே கமெண்ட்ஸ்ட்ரிங்கில் // வையுங்கள். புதிய பதிப்பு கடைசியாக இருப்பதை எடுத்துக்கொள்ளும்.