புக்கிட் ஜாலில்: எங்கே உட்காருவது, எப்படி வீடு திரும்புவது

கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் கால்பந்து பார்க்கப் போகிறவருக்குச் சில குறிப்புகள். 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கம் என்பதால் திடலைச் சுற்றி ஓட்டப்பாதை உண்டு. கோல் கம்பத்துக்குப் பின்னால், கீழ்வரிசையில் டிக்கெட் எடுத்தால் எதிர்முனையில் யார் அடித்தார் என்றே புரியாது. நடுக்கோட்டுக்கு நேராக மேலே ஏறுங்கள். ஆட்டத்தின் அமைப்பு முழுதாகத் தெரியும். ஆரவாரம்தான் முக்கியம் என்பவருக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

காரை வீட்டில் விட்டுவிட்டு ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் ஓடும் எல்ஆர்டி நகர ரயிலில் போங்கள். டச் அண்ட் கோ கட்டண அட்டையில் திரும்பும் காசையும் முன்பே ஏற்றிவிடுங்கள். இறுதி விசில் ஊதியதும் புக்கிட் ஜாலில் நிலையத்தில் நெரிசல் தள்ளிவிடும். நடக்கத் தெம்பிருந்தால் ஸ்ரீ பெட்டாலிங் நிலையத்துக்குப் போய்விடலாம். நகருக்குப் போகும் ரயில் அங்கே நின்றுவிட்டுத்தான் புக்கிட் ஜாலிலுக்கு வரும், கூட்டம் ஏறுவதற்குள் உங்களுக்கு இடம் கிடைத்துவிடும். மாலை மழை பெய்யும் ஊர், குடையைவிட மழைக்கோட்டு உத்தமம்.