மசினகுடி முதல் குஞ்சப்பனை வரை: ஒருநாள் பறவைப் போட்டி, செய்து பார்த்த குறிப்புகள்

ஒரே நாளில் எத்தனை பறவை வகைகளைக் கண்டு பட்டியலிட முடியும் என்று அணிகள் முயல்வதே பறவைப் போட்டி. நீலகிரியில் விடியலிலிருந்து அந்தி வரை நடக்கும் இந்தப் போட்டியில் பட்டியலின் நீளத்தை முடிவு செய்வது உயரம்தான். மசினகுடி ஏறக்குறைய ஆயிரம் மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். நடுவில் முட்காடு, இலையுதிர் காடு, தேயிலை, சோலை எனப்படும் பசுமைமாறா மலைக்காடு என்று வாழிடம் மாறிக்கொண்டே போகும், பறவைகளும் கூடவே மாறும். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் நின்று தேடுவதைவிட மூன்று உயரங்களில் ஒவ்வொரு மணி நேரம் நிற்பது எப்போதும் அதிக வகைகளைக் கொடுக்கிறது.

நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் எளியவை. அணிக்கு நான்கு பேர். நால்வரும் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தூரத்திலேயே இருக்க வேண்டும். மூன்று பேராவது பார்த்தால் அல்லது கேட்டால்தான் அந்த வகை சேரும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது. இந்தப் போட்டியின் மூலம் பாறுக் கழுகுகளுக்காகக் காசும் திரட்டுகிறோம். அதன் முறை, ஒரு வகைக்கு இவ்வளவு என்று நண்பர்களும் உறவினர்களும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. இருபது பேர் வகைக்குப் பத்து ரூபாய் சொன்னால், நூறு வகைக்கு இருபதாயிரம் ரூபாய். உச்சவரம்பையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. பட்டியல் நீண்டபின் கேட்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

கீழிருந்து மேலே ஏறுவதற்கு இரண்டு காரணங்கள். மசினகுடிப் பக்கத்து வறண்ட காடு வெயில் ஏறியதும் அடங்கிவிடும். சோலைக்குள் குளிரும் மூடுபனியும் இருப்பதால் அங்கே பறவைகள் நண்பகல் வரை இயங்கும். இன்னொன்று சாலை. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி வழியில் வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து கீழே இறங்க அனுமதி இல்லை, ஏற மட்டுமே முடியும். முதல் நாளே மசினகுடி வந்து தங்கிவிட வேண்டும். வெளியூர் வண்டிக்கு இ-பாஸும் எடுத்து வைக்க வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் 6.45 மணியளவில்தான் எழும். 6.30 முதல் ஊர் ஓரம், வயல், மரவகண்டி அணைப் பக்கம் என்று நிற்கலாம். இது முதுமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த பகுதி. வனச்சாலையில் வண்டியை நிறுத்துவதோ இறங்குவதோ கூடாது, யானை நடமாட்டமும் உண்டு. ஆகவே இறங்கிப் பார்க்க அனுமதியுள்ள இடங்களை முதல் நாளே பார்த்துக் குறித்துக்கொள்வது அவசியம். இங்கே துடுப்புவால் கரிச்சான் பெரிய சிக்கல். வல்லூறு முதல் பல பறவைகளின் குரலை அப்படியே எடுத்துவிடும். காதால் மட்டும் கேட்ட வேட்டைப்பறவையை, கரிச்சான் பக்கத்தில் இல்லை என்று உறுதியாகும் வரை சேர்க்காமல் இருப்பதே முறை.

ஒன்பது மணிக்கு மேல் ஒருவர் வானத்தை மட்டும் பார்க்க வேண்டும். பாறுக் கழுகுகள் தரை சூடாகிக் காற்று மேலெழும்பிய பிறகே உயரே வரும். எட்டு மணிக்கு வானம் காலியாக இருக்கிறதென்று கிளம்பினால் அவை தப்பிவிடும். வெண்முதுகுப் பாறுவைக் கீழிருந்து பார்த்தால், இறக்கையின் முன்பகுதி வெளுத்தும் பின்பகுதி கறுத்தும் தெரியும். சீகூர் பள்ளத்தாக்கில் இவை ஓடையோர நீர்மருது மரங்களில் கூடு கட்டுகின்றன. கூடு இருக்கும் இடத்தை எந்தப் பொதுப் பட்டியலிலும் குறிக்கக் கூடாது.

எங்கள் திரட்டு நிதியின் நோக்கமும் இந்தப் பறவைதான். டைக்ளோஃபினாக் என்ற வலி நிவாரணி ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்றால் பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கிறது. கால்நடைக்கு அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போனதால், 2015-இல் குப்பி அளவு 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் ஆகியவையும் கால்நடைக்குத் தடையாயின. மெலாக்சிகாம் பாதுகாப்பானது. மாடு வளர்ப்போரிடம் இதை ஊர் ஊராகச் சொல்லும் வேலைக்குச் செலவு உண்டு, அந்தக் காசு இப்படி வருவதில் எங்களுக்கு முழு நிறைவு.

பத்து மணிக்குக் கல்லட்டி ஏறினால் பதினொன்றுக்குள் ஊட்டி. கெய்ர்ன்ஹில் காட்டில் நடப்பதைக் குறைத்து நிற்பதைக் கூட்ட வேண்டும். சோலையில் சிறு பறவைகள் கலப்புக் கூட்டமாகவே இரை தேடும். சாம்பல்தலை ஈப்பிடிப்பான் குரல் கேட்டால் அதன் பின்னே பட்டாணிக் குருவி, மரமேறி, மின்சிட்டு, வெள்ளைக்கண்ணி என்று வரிசையாக வரும். துரத்தினால் கூட்டம் கலைந்துவிடும், கால் மணி நேரம் அசையாமல் நின்றால் தானே கடந்துபோகும். நீலகிரி சிரிப்பான் குரலால் முதலில் பிடிபடும். கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் தரையோரப் புதரில் இருக்கும், ஆகவே பார்வையைத் தாழ வைக்க வேண்டும். குளிர்காலத்தில் வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் ஆணை நெஞ்சின் செம்மையைச் சுற்றிய கருங்கோட்டை வைத்து உறுதி செய்யலாம். கோடு தெரியாவிட்டால் பெயர் எழுத வேண்டாம்.

நேரம் வீணாவது பெரும்பாலும் ஒரே ஒரு பறவைக்காகத்தான். நீலகிரி சோலைக்கிளி (பெயரில்தான் கிளி, உண்மையில் ஒரு சிறு பாடும் பறவை) புதருக்குள்ளிருந்து சீழ்க்கை அடித்துக்கொண்டே இருக்கும், வெளியே வராது. பன்னிரண்டு நிமிட வரம்பு வைத்து, முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். நீலகிரி நெட்டைக்காலிக்காக அவலாஞ்சிப் பக்கம் போவதையும் இந்த வழியில் நாங்கள் சேர்க்கவில்லை. அதன் மலைப் புல்வெளிகளைச் சீகை மரங்கள் விழுங்கிவரும் நிலையில் அது பார்க்க வேண்டிய பறவைதான், ஆனால் அதற்குத் தனி நாள் வேண்டும்.

கருவிகளில் 8×42 இருகண்ணோக்கி போதும். 10 மடங்கு பெரிதாக்கினால் இருண்ட சோலையில் வெளிச்சம் குறைந்து கை நடுக்கமும் தெரியும். வெளியே குளிர்ந்த கருவியைச் சூடான வண்டிக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் ஆவி படியும், ஆகவே ஜன்னலைத் திறந்தே வர வேண்டும். கைபேசியில், பறவைப் பட்டியல்களைப் பதிவுசெய்யும் இபேர்டு செயலியின் நீலகிரிப் பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால், சிக்னல் இல்லாத இடத்தில் திணறல்தான்.

மதியத்துக்கு மேல் கோத்தகிரி. லாங்வுட் சோலைக்கு வனத்துறை அனுமதி முன்பே பெற வேண்டும். 116 ஹெக்டேர் அளவுள்ள இது 2024-இல் ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தியில் குஞ்சப்பனைச் சாலையோரத்தில் காட்டுக்கோழிக்கும் ஆந்தைக்கும் காது கொடுத்தால் அன்றைய வேலை முடியும்.

பட்டியல் எழுதும் முறைக்குத்தான் அதிகக் கவனம் தேவை. போட்டி அவசரத்தில் மசினகுடி முதல் கோத்தகிரி வரை ஒரே பட்டியலாகப் போட்டுவிடும் பழக்கம் பல அணிகளிடம் உண்டு. எந்தப் பறவை எந்த உயரத்தில் இருந்தது என்பது அதில் தொலைந்துபோகும். ஆய்வுக்கு அது உதவாது. வாழிடம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் பட்டியலை முடித்துப் புதிதாகத் தொடங்குகிறோம். நடந்துகொண்டே எழுதும் பட்டியல் என்றால் 8 கிலோமீட்டருக்குள், மூன்று மணி நேரத்துக்குள். அறிந்த எல்லா வகைகளையும் எழுதினால் மட்டுமே முழுப் பட்டியல் என்று குறிக்கிறோம். காகம், மைனா, செம்மீசைச் சின்னான் எதையும் விடுவதில்லை. எண்ணிக்கைக்குப் பதில் எக்ஸ் குறி போடுவதில்லை: வெள்ளைக்கண்ணிக் கூட்டம் என்றால் பத்தை எண்ணி, அந்த அளவு எத்தனை முறை வருகிறது என்று பெருக்குகிறோம். நால்வரின் எண்ணிக்கையைக் கூட்டக் கூடாது, எழுதுபவர் ஒருவரே. 942 வகைகளின் நிலையை மதிப்பிட்டு 178 வகைகளுக்கு முன்னுரிமை தந்த 2023-ஆம் ஆண்டு இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பறவை ஆர்வலர்கள் இபேர்டில் இட்ட பட்டியல்களிலிருந்தே உருவானது. எங்கள் பட்டியலும் அன்றிரவே பகிரப்பட்டு, சந்தேகமான கதிர்க்குருவிகள் வகைப்பெயர் இல்லாமல் ‘கதிர்க்குருவி’ என்று மட்டும் பதிவாகிறது. மறுநாள் நன்கொடையாளர்களுக்குப் போகும் கணக்கில் அவை சேராது.