நூல் எட்டு, பட்டன் நான்கு

மனித செல்லில் 46 குரோமோசோம்கள் (டிஎன்ஏ சுருண்ட இழைகள்). 46ஐப் பாதியாக்கினால் 23. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். தேர்வில் கேட்டது: குன்றல் பகுப்பின் (முட்டையும் விந்தணுவும் உருவாக இரண்டு கட்டமாக நடக்கும் செல் பகுப்பு) முதல் கட்டம் முடிந்ததும் மனித செல்லில் எத்தனை குரோமோசோம்கள்? 46 என்று எழுதினேன். என் கணக்கு இது: பகுப்புக்கு முன் டிஎன்ஏ இரட்டிக்கிறது, ஆக 92. முதல் கட்டத்தில் 46, இரண்டாவதில் 23. கடைசி எண் சரியாக வந்துவிட்டதால் கணக்கில் கோளாறு இருப்பதாகவே தெரியவில்லை.

சரியான விடை 23. பாடப் படங்களை எத்தனை முறை பார்த்தும் மண்டை காய்ந்ததுதான் மிச்சம். அப்புறம் நூலும் பிரஸ் பட்டனும் எடுத்து உட்கார்ந்தேன். 46 நூல் வெட்டப் பொறுமை இல்லை. நான்கு குரோமோசோம் உள்ள செல் போதும். பெல்ஜிய உயிரியலாளர் வான் பெனடன் 1883இல் குதிரையின் குடற்புழுவில் பார்த்ததும் இதே கணக்குதான்: முட்டையில் இரண்டு, விந்தணுவில் இரண்டு, கருவுற்றதும் நான்கு.

தாய்வழிக்குச் சிவப்பில் நெட்டை ஒன்று, குட்டை ஒன்று. தந்தைவழிக்கு நீலத்தில் அதேபோல். ஒவ்வொரு நூலின் நடுவிலும் அரைப் பட்டன், அதுதான் சென்ட்ரோமியர், நகல்கள் ஒட்டியிருக்கும் இடம். இரட்டிப்பு என்றால், அதே நூலின் நகலை மறு பாதியில் தைத்து 'டக்' என்று பூட்டுவது. பூட்டி முடித்து எண்ணினேன். நூல் எட்டு, பட்டன் நான்குதான்! எண்ண வேண்டியது பட்டனை. என்னுடைய 92, குரோமாட்டிட்களின் (பூட்டிய ஜோடியில் உள்ள ஒவ்வொரு நூலின்) கணக்கு.

முதல் கட்டத்தில் நெட்டைச் சிவப்பும் நெட்டை நீலமும் ஜோடி சேர்ந்து, பூட்டிய பட்டனோடு ஆளுக்கொரு பக்கம் போகின்றன. குட்டைகளும் அப்படியே. பக்கத்துக்கு இரண்டு பட்டன். பாதியானது இங்கேயே. இரண்டாவது கட்டத்தில் பட்டன் திறக்கிறது, நகல்கள் பிரிகின்றன, செல்லுக்கு இரண்டு என்ற எண்ணிக்கை மாறுவதில்லை. (ஜோடிகள் துண்டு மாற்றிக்கொள்வதையும் நூலில் காட்டப் பார்த்தேன். சிக்கு விழுந்தது, விட்டுவிட்டேன்.)

விந்தணுவுக்கு இத்தோடு முடிந்தது. மனித முட்டை இரண்டாவது கட்டத்தின் நடுவிலேயே நின்றபடி சினைப்பையை விட்டு வெளியே வருகிறது. விந்தணு நுழைந்த பிறகுதான் அதன் பட்டன்கள் திறக்கும். இது தெரியாமல், பூட்டிய இரண்டு பட்டனோடு விந்தணுவின் இரண்டு பச்சை நூலைச் சேர்த்து, ஆறு நூல் வருகிறதே என்று விழித்துக்கொண்டிருந்தேன். பட்டன்களைத் திறந்து, ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் துருவ உறுப்புக்கென்று (முட்டை கழித்துவிடும் சிறு செல்) ஒதுக்கினேன். மேசையில் இருந்தவை நான்கு நூல், அதில் இரண்டு பச்சை.