ஒற்றை 12 இஞ்ச் கேபினட் வாங்கும் முன்

15 அல்லது 20 வாட் ட்யூப் கிட்டார் ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) கையில் இருக்கிறது, அதற்கு ஒரு கேபினட், அதாவது ஸ்பீக்கர் பெட்டி, தேவை. பெட்ரூமில் வாசிக்கவும் வேண்டும், மைக் வைத்து ரெக்கார்ட் பண்ணவும் வேண்டும். இப்படி வருபவருக்குக் கடையில் முதலில் ஆரம்பிப்பது வாட் கணக்கு. அதுதான் ஆளைக் குழப்பும். ஸ்பீக்கரில் போட்டிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். எவ்வளவு சத்தம் போடும் என்பது சென்சிட்டிவிட்டியில் இருக்கிறது. அட்டையில் சின்ன எழுத்தில் டெசிபல் என்று போட்டிருப்பார்களே, அது.

செலஸ்டியன் கம்பெனியின் வின்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு அது 100 டெசிபல். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் வரும் அளவு. 20 வாட்டையும் திறந்துவிட்டால் 113. பத்தில் ஒரு வாட்டுக்கு 90, நூறில் ஒரு வாட்டுக்கு 80. பிளாட்டில் ராத்திரி வாசிக்கிற அளவு இந்த 80-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதனால் 20 வாட் ஆம்பை விற்றுவிட்டு 5 வாட் வாங்கினால் வீடு அமைதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வித்தியாசம் 6 டெசிபல்தான். அதே கம்பெனியின் கிரீம்பேக் ஜி12எம்-65 போல 97 டெசிபல் உள்ள ஸ்பீக்கரைப் போட்டால் ஆம்பின் பவரைப் பாதியாக்கியதற்குச் சமம். காதுக்கு அதுவும் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் வின்டேஜ் 30 ஸ்பீக்கரில் அப்பர் மிட்ஸில், அதாவது நடு ஒலியின் மேற்பகுதியில், ஒரு துருத்தல் உண்டு. மிக்ஸில் கிட்டாரைத் தூக்கிக் காட்டுகிற அதே துருத்தல், வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள சின்ன அறையில் காதைக் குத்தும். வீட்டுப் பயன்பாடுதான் அதிகம் என்றால் எங்கள் ஓட்டு கிரீம்பேக்குக்கு.

தாங்கும் வாட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 20 வாட் என்று போட்ட ட்யூப் ஆம்ப், முழுக்க டிஸ்டார்ஷனில் ஓடும்போது 30-ஐத் தாண்டிக் கொடுக்கும். கிரீன்பேக் ஜி12எம் (கிரீம்பேக் அல்ல, வேறு மாடல்) 25 வாட்தான். தனியாகப் போட்டு 20 வாட் ஆம்பைத் திருகினால் காயில், அதாவது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள், சூடேறிக் கருகும். ஒற்றை ஸ்பீக்கர் என்றால் ஆம்ப் வாட்டைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பெட்டி. ஸ்பீக்கருக்கு ஆகும் யோசனையில் பாதியாவது இதற்கு ஆக வேண்டும், யாரும் செய்வதில்லை. பின்புறம் மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி கோனை (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பை) தள்ளும். ஸ்பீக்கர் தானாக அதிரும் அலைவரிசைக்கு ரெசனன்ஸ் என்று பெயர். அது 75 ஹெர்ட்ஸில் உள்ள ஸ்பீக்கருக்கு, பெட்டி சின்னதாக ஆக ஆக 100, 120 என்று மேலே ஏறும். கிட்டாரின் தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழ்ப்பலம் போய், 100-க்கு மேல் ஒரு புடைப்பு வந்து, டப்பா சத்தம் கேட்கும். ஏற்கெனவே குறைந்த வால்யூமில் காது பேஸைச் சரியாக வாங்காது. அதோடு இதுவும் சேர்ந்தால் சோகை பிடித்த டோன்தான். வெளி அளவு சுமாராக 50 செ.மீ. அகலம், 46 உயரம், 29 ஆழம் இருந்தால் உள்ளே 40 லிட்டருக்கு மேல் கிடைக்கும். 30 லிட்டருக்குக் கீழே போகிற 'காம்பாக்ட்' பெட்டிகளில் 12 இஞ்ச் ஸ்பீக்கரைத் திணிப்பது வீண்.

பின்புறம் திறந்த பெட்டி அறையை நிரப்பும், வாசிக்க சுகம். ஆனால் பின்னால் போகும் ஒலி முன்னால் வருவதற்கு நேரெதிர்க் கட்டம்: ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். அடி ஸ்வரங்களில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சுவரோடு ஒட்டி வைத்தால் டோன் கலங்கும். குறைந்தது 30 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். மைக் வைக்கும்போது பின்னால் போன சத்தம் அறையைச் சுற்றி வந்து மைக்கில் கலந்துவிடும். ஸ்டுடியோவுக்கு மூடியதே மேல். இரண்டும் வேண்டும் என்பவருக்கு வழி: பின்பலகை இரண்டு மூன்று துண்டாக இருக்கும் பெட்டி. நடுத்துண்டைத் திருகு கழற்றி எடுத்தால் அரைத்திறப்பு, மாட்டினால் மூடியது. பலகை உட்காரும் விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டாவிட்டால் அங்கிருந்துதான் முதல் கடகடப்பு வரும்.

மரம்: 18 மி.மீ. பர்ச் ப்ளைவுட் முதல் தரம். பார்ட்டிகிள் போர்டில் திருகை இரண்டு முறை கழற்றி மாட்டினாலே துளை தளர்ந்துவிடும், ஈரக்காற்றில் மூலை உப்பும். கார்பென்டரை வைத்துச் செய்வதானால் 18 மி.மீ. பிடபிள்யூபி (தண்ணீர் தாங்கும்) ப்ளை போதும். செலஸ்டியன் 12 இஞ்சுக்குப் பலகைத் துளை 283 மி.மீ. விட்டம், போல்ட் வட்டம் 297. போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரு பக்கமே இறுக்கினால் ஃபிரேம் கோணி, காயில் காந்தத்தில் உரசும்.

ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை அளவு: இந்த விஷயத்தில் விளையாட்டு இல்லை. ட்யூப் ஆம்பில் 16 ஓம் கேபினட்டை 16 ஓம் சாக்கெட்டில் மட்டும்தான் செருக வேண்டும். கேபினட் செருகாமலே ஆம்பை வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி, ட்ரான்ஸ்ஃபார்மரோ ட்யூப் சாக்கெட்டோ போகும். ட்ரான்சிஸ்டர் ஆம்பில் கணக்கு வேறு: போட்டிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது, மேலே போனால் பவர் குறையும், அவ்வளவுதான். பிற்பாடு இன்னொரு கேபினட் சேர்க்கும் எண்ணம் இருந்தால் 16 ஓம் வாங்குங்கள். பேரலலில் இரண்டு சேர்ந்தால் 8, பெரும்பாலான ஆம்பில் அந்த சாக்கெட் இருக்கும்.

ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடாதீர்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி ஜாக் என்பதால் நடக்கிற தவறு இது. அதன் உள்கம்பி தலைமுடி கனம். சூடேறி ஷார்ட் ஆகும் அல்லது அறுந்துபோகும். இரண்டு இழை, 1.5 சதுர மி.மீ. வயர் வேண்டும்.

பழைய கேபினட் பார்க்கப் போனால் மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 வரை காட்டும், 16 ஓம் என்றால் 12, 13. எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, இல்லை உள்ளே சால்டர் விட்டிருக்கிறது. பின்பலகையைத் திறக்கச் சொல்லி, கோனின் இரு பக்கமும் விரல்களைப் பரப்பி, ஒரே சீராக லேசாக அழுத்துங்கள். சரசரப்பு கேட்டால் காயில் உரசுகிறது, வாங்காதீர்கள். அப்புறம் நடுத்தர வால்யூமில் தடித்த கம்பியில் ஒவ்வொரு ஃபிரெட்டாக ஏறிப் பாருங்கள். ஒரு ஸ்வரத்தில் மட்டும் அதிர்வு வந்தால் கைப்பிடி, ஜாக் தகடு, தளர்ந்த போல்ட், கோனில் தட்டும் உள்வயர், இவற்றில் ஒன்று. இதெல்லாம் ஸ்க்ரூடிரைவர் வேலை. விலையைக் குறைத்துப் பேசலாம்.

12 இஞ்ச் கோன் ஒலியின் உயர்பகுதியை டார்ச் வெளிச்சம் போல நேராக அடிக்கும். தரையில் வைத்து நின்று வாசிப்பவருக்குக் காதில் மந்தமாகக் கேட்கும், ட்ரெபிளை ஏற்றுவார், ரெக்கார்டிங்கில் கீச்சென்று வரும். ஸ்டூலில் தூக்கி வையுங்கள், அல்லது பின்னுக்குச் சாய்த்து காதைப் பார்க்க வையுங்கள். கால்வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும் பேஸும் தடித்த ஃபோம் மேல் வைத்தால் குறையும். மைக்குக்கு ஷூர் எஸ்எம்57 போதும். கேபினட்டின் முன்துணியிலிருந்து 3 செ.மீ., நடுக்குமிழும் கோனும் சேரும் விளிம்பைப் பார்த்து. நடுவுக்கு நகர்த்தினால் கூர்மை, வெளியே நகர்த்தினால் கனம். டோனைத் திருத்தும் ஈக்யூவைத் தொடும் முன் மைக்கை இரண்டு செ.மீ. நகர்த்திப் பாருங்கள்.

மாடலர் (ஆம்ப் ஒலியை டிஜிட்டலாகப் போலி செய்யும் கருவி) வைத்திருப்பவருக்கு ஒன்று. கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானே இறங்கிவிடும். மாடலரில் கேப் சிமுலேஷனை (கேபினட் ஒலியைப் போலி செய்யும் பகுதியை) அணைக்காமல் இந்தக் கேபினட்டில் விட்டால் இரண்டு முறை வடிகட்டி, போர்வைக்குள் வாசிக்கிற மாதிரி இருக்கும். அந்த சிமுலேஷன் இல்லாமல் வாசிக்க மனமில்லை என்றால் கிட்டார் கேபினட்டே வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி ஸ்டுடியோ மானிட்டர் வாங்கலாம்.