ஊசி போடாத டொக்டர்

எங்கள் டொக்டர் போன மாசம் காலமாகிவிட்டார். மரண அறிவித்தலில் "பிரபல குடும்ப வைத்தியர்" என்று போட்டிருந்தது. வாசித்திருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும். மேடை ஏறமாட்டார், பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டமாட்டார், ஊர்ச் சங்க மலருக்கு வாழ்த்துரை எழுதமாட்டார். ஆனால் கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் வயதுக்காரர் கொஞ்சப் பேரைக் கூட்டிவைத்து, "இந்த நாட்டில் எப்படிச் சீவிப்பது என்று உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டால் பாதிப் பேராவது அவரைத்தான் சொல்வார்கள். அவருடைய பெயரை நான் இங்கே போடவில்லை. வீட்டுக்காரர் விரும்பமாட்டார்கள், அவரும் விரும்பியிருக்கமாட்டார்.

நான் கனடாவுக்கு வந்தது 1996 மார்கழியில். அதற்கு முந்தின வருசம் ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. தென்மராட்சி, கிளாலிக் கடல், வன்னி, வவுனியா, கொழும்பு என்று நாங்களும் அலைந்து முடித்திருந்தோம். கணவர் முதலே இங்கு வந்துவிட்டார். அகதி வழக்கு முடிந்து அவர் எங்களை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டபோது மகனுக்கு நாலு வயது, தகப்பனைப் படத்தில்தான் தெரியும். மாமியும் எங்களோடு வந்தா.

வந்த கையோடு மகனுக்குக் காய்ச்சல் பிடித்தது. ஒன்ராறியோவில் அப்போது ஒரு விதி இருந்தது: புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் ஓஹிப் மருத்துவக் காப்புறுதி. அந்த இடைவெளிக்குள் வருத்தம் வந்தால் உங்கள் பாடு. (2020 இல் கோவிட் வந்தபோதுதான் அந்தக் காத்திருப்பை எடுத்தார்கள். கொள்ளைநோய் வந்துதான் அரசாங்கத்துக்கு அது விளங்கவேண்டியிருந்தது.) முதலில் போன இடத்தில், அட்டை இல்லை என்றதும் கட்டணப் பட்டியலைத்தான் நீட்டினார்கள். எங்கள் மாடியில் இருந்த ஒரு அக்காதான், "வாரும், தமிழ் டொக்டர் ஒருத்தர் இருக்கிறார்" என்று பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனா.

டொக்டர் பிள்ளையின் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, "இது வைரஸ் காய்ச்சல், தானாக மாறும். தண்ணி நல்லாக் குடுங்கோ. மூச்சு இழுத்தாலோ, பிள்ளை சோர்ந்து எழும்பாமல் கிடந்தாலோ யோசிக்காமல் 911க்கு அடியுங்கோ" என்றார். ஊசியும் இல்லை, அன்ரிபயோட்டிக்கும் இல்லை. காசு எவ்வளவு என்று கேட்டேன். "முதல்ல அட்டை வரட்டும், பிறகு பாப்பம்" என்றார். அட்டை வந்த பிறகும் அவர் அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. மாமிக்கு மட்டும் சந்தேகம் போகவில்லை. "காசு குடுக்கேல்லை எண்டுதான் ஊசியும் போடேல்லை" என்று கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தா.

ஊரில் காய்ச்சலோடு டிஸ்பென்சறிக்குப் போனால் ஒரு ஊசியாவது விழவேண்டும், இல்லாவிட்டால் டொக்டர் பார்த்ததாகக் கணக்கில்லை. இவர் அதை அசைத்துப் பார்த்தார். அன்ரிபயோட்டிக் பற்றீரியாவுக்குத்தான், வைரசுக்கு வேலை செய்யாது, தேவையில்லாமல் எடுத்தால் தேவைப்படும்போது அது கேட்காது என்பதை ஒவ்வொருவருக்கும் புதுக்கதை சொல்வதுபோல் சொல்வார். வயசு போனவர்கள் அவருக்கு வைத்த பெயர்தான் "ஊசி போடாத டொக்டர்".

கனடாவின் மருத்துவ முறையே எங்களுக்குப் புதிது. கொழும்பில் காசைக் கட்டினால் எந்த நிபுணரையும் நேரே போய்ச் சந்திக்கலாம். இங்கே குடும்ப டொக்டர் கடிதம் எழுதவேண்டும், அந்த நிபுணரின் அலுவலகம் திகதி தரவேண்டும், சில வேளை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். எதற்கு எமெர்ஜென்சிக்கு ஓடுவது, எதற்கு மறுநாள் வரை பொறுப்பது என்று தெரியாமல் நாங்கள் திண்டாடினோம். நிபுணரிடம் போகும் ஆட்களுக்கு அவர் ஒரு துண்டுக் கடதாசியில் தமிழில் எழுதிக் கொடுப்பார்: என்ன கேட்பார்கள், என்ன சொல்லவேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்காமல் எழும்பி வரக்கூடாது. பேரப்பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போவதை அவர் அனுமதிக்கமாட்டார். "பத்து வயதுப் பெடியன் அம்மம்மாவின்ர கர்ப்பப்பை வருத்தத்தை வெள்ளைக்கார டொக்டருக்குச் சொல்லவேணுமோ? மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு நீங்கள் கேளுங்கோ" என்பார்.

பெண்கள் போனால் முதலில் நேர்ஸைக் கூப்பிடுவார். பிறகு கணவனைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் வெளியில இருங்கோ" என்பார். சில ஆண்கள் இதற்காகவே டொக்டரை மாற்றினார்கள். நான் தனியாக இருந்து கதைத்த முதல் நாள் அவர் கேட்டது இதுதான்: "நித்திரை வருதோ? இங்க ஆரோட கதைக்கிறனீங்கள்?" ஒருவரோடும் இல்லை என்றேன். குளிசை தரவில்லை. அரசாங்கத்தின் இலவச ஆங்கில வகுப்பு இருக்கிறது, லிங்க் என்று பெயர், சின்னப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி, பஸ் இலக்கத்தையும் எழுதித் தந்தார். அந்தக் குளிர்காலத்தில் நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டது அதனால்தான்.

ஒருமுறை, இவ்வளவு பொறுமையாகத் தமிழில் விளங்கப்படுத்துகிறீர்களே என்று யாரோ புகழ்ந்தபோது அவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனைப் பற்றிச் சொன்னாராம். 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணத்துக்கு வந்தவர் அவர். மானிப்பாயில் இருந்து, தமிழ் படித்து, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, எங்கள் பெடியன்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். "மசச்சுசெற்ஸ் ஆளுக்கு ஏலுமெண்டால், மானிப்பாயில நுங்கு குடிச்சு வளந்த எனக்கு ஏலாதோ?" என்றாராம்.

அவருடைய சொந்தக் கதையை அவர் அதிகம் சொன்னதில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். ஊரில் வாட்டில் நின்ற டொக்டர், இங்கே இரவில் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருந்தார். வெளிநாட்டில் படித்த வைத்தியர்கள் கனடிய மருத்துவ கவுன்சிலின் பரீட்சைகளைப் பாஸ் பண்ணினாலும், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால்தான் லைசென்ஸ். இடங்கள் மிகக் குறைவு. இன்றைக்கும் பரீட்சை முடித்துவிட்டு ஊபர் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடங்களில் அவருடைய மனைவி தையல் பக்டரியில் நின்றா. அவர் காவலறையில் புத்தகத்தோடு இருந்தார். மூத்த மகள் வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அதனால்தான் ஆறு மணி விதி என்று நான் நினைக்கிறேன். மாலை ஆறு மணிக்குக் கிளினிக் பூட்டிவிடும். ஆறு ஐந்துக்குப் போய்க் கதவைத் தட்டினால் திறக்காது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கடதாசியில், இரவில் திறந்திருக்கும் வேறு இடங்களின் இலக்கங்கள் இருக்கும். வேலை முடிந்து ஓடி வருகிறவர்களுக்கு இது பெரிய எரிச்சல். அவர்களுக்காகக் காலை ஏழு மணிக்குத் திறந்து வைத்திருப்பார். ஆனால் ஆறுக்குப் பிறகு இல்லை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுவார். அரங்கேற்றத்துக்குப் பிரதம விருந்தினராகக் கேட்டால் முடியாது. பழைய மாணவர் சங்க இரவு விருந்துக்கும் முடியாது. "தலைக்கனம்" என்றார்கள். வெள்ளைக்காரரைப் போல ஆகிவிட்டார் என்றும் சொன்னார்கள்.

இதை அவர் தன் வீட்டோடு வைத்திருந்தால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. எங்களிடமும் கொண்டுவந்தார். எங்கள் ஆண்கள் பகலில் பக்டரி, இரவில் உணவகத்தில் கோப்பை கழுவுதல் அல்லது ஒஃபிஸ் துப்புரவு என்று இரண்டு வேலை செய்த காலம் அது. சிலர் மூன்றும் செய்தார்கள். ஊருக்குக் காசு அனுப்பவேண்டும், வெளிநாடு அனுப்பின ஏஜென்சிக்குக் கொடுக்க வாங்கின கடனை அடைக்கவேண்டும், பிறகு வீட்டு மோர்ட்கேஜ். என் கணவருக்கு நாற்பது வயதுக்குள்ளேயே சீனி வருத்தம் வந்தது. டொக்டர் இடுப்பை அளந்தார். ஐரோப்பிய ஆண்களுக்கு 94 சென்ரிமீற்றரில் வருகிற எச்சரிக்கை எங்கள் ஆண்களுக்கு 90 இலேயே வந்துவிடும், பெண்களுக்கு 80 என்றார். மெலிந்த ஆளாக இருந்தாலும் எங்கள் சனத்துக்குச் சீனி முந்திப் பிடிக்கும் என்றார். அதற்குப் பிறகு கேட்டார்: "இரவு எத்தினை மணிக்குச் சாப்பிடுறனீங்கள்?"

"பன்ரெண்டு, ஒண்டு ஆகும்."

"ஆரோட?"

என் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. காருக்குள் ஏறியதும், "அவருக்கென்ன, ஒவ்வொரு ஆளுக்கும் ஓஹிப் காசு குடுக்குது. என்ர மோர்ட்கேஜை அவரே கட்டுவார்?" என்றார். அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். டொக்டரால் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போக முடிந்தது. கோப்பை கழுவுகிறவருக்கு முதலாளி விடவேண்டுமே. ஆனால் டொக்டர் அந்தக் கேள்வியை விடவில்லை. ஒவ்வொரு முறையும் பிறஷர், சீனி, பாதம், கண் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு, அதே குரலில், "இரவு ஆரோட சாப்பிட்டனீங்கள்?" என்பார். நடுச்சாமத்தில் ஒரு கோப்பை சோறு போட்டுச் சாப்பிட்டுப் படுக்கிறவரின் சீனி இறங்காது என்பது மருத்துவக் காரணம். அதோடு மட்டும் நின்றிருந்தால் "எத்தினை மணிக்கு" என்று கேட்டாலே போதும். இன்சுலின் கதை வந்த பிறகுதான் என் கணவர் இரவு வேலையைக் கிழமையில் இரண்டு நாளாகக் குறைத்தார். மகன் தகப்பனோடு கதைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு என்பது எனக்கு நிச்சயம். இவர் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

மாமியோடு நடந்த போர் வேறு. இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமி சோற்றைக் குறைத்து, புட்டை விட்டு, விரதம்போல இருப்பா. வெறுவயிற்றுச் சீனி அழகாக வரும். ஏவன்சி (A1C) என்ற இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்ததும் பிடிபட்டுவிடுவா. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிய சீனியை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதக் கதை தெரிந்துவிடும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். "அம்மா, நீங்கள் நேற்று நல்ல பிள்ளை. தைப்பொங்கலுக்கு என்ன செய்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்." மாமி அன்றிலிருந்து அவரைக் கொஞ்சம் மதித்தா.

2003 இல் ஸ்காபரோவுக்கு சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்தது. கனடாவில் 44 பேர் இறந்தார்கள், மருத்துவமனைகளிலேயே அதிகம் பரவியது. டொக்டர் கிளினிக்கைப் பூட்டவில்லை. வீட்டில் பேஸ்மெண்டுக்குள் போய்த் தனியாக இருந்தார். ஆறு மணிச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லையாம். அவர் கீழ்ப்படியில் கோப்பையோடு, பிள்ளைகள் மேல்படியில் கோப்பையோடு. இதை அவருடைய மனைவி பின்னாளில் எனக்குச் சொன்னா. "இடையில பன்ரெண்டு படி, சின்னவன் அப்பளத்தை எறிவான், இவர் பிடிப்பார்" என்று சிரித்தா.

2009 பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. வன்னிப் போரை நிறுத்தச் சொல்லி மே 10 ஆம் திகதி சனம் ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி நின்ற காலம் அது. கிளினிக்கில் எல்லாருக்கும் நெஞ்சுநோ, எல்லாருக்கும் நித்திரை இல்லை, எல்லார் கையிலும் டெலிபோன். வன்னியிலிருந்து வரவேண்டிய அழைப்பு ஒருவருக்கும் வரவில்லை. அந்த மாதம் மட்டும் ஆறு மணிக்குப் பிறகும் கிளினிக்கில் லைற் எரிந்தது. வேறெப்போதும் நான் அதைப் பார்த்ததில்லை.

செத்தவீட்டில் மூத்த மகள் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினா. எங்களுக்குத் தெரியாத ஒன்று அதில் வந்தது. டொக்டர் தன் பிள்ளைகளுக்கு ஒருநாளும் வைத்தியம் பார்த்ததில்லை. சொந்தக் குடும்பத்துக்கு வைத்தியர் பார்க்கக்கூடாது என்பது இங்கே ஒழுங்கு. அவர்களுக்கென்று வேறு குடும்ப டொக்டர் இருந்தார். "நான் காய்ச்சலோட இருந்தால் அப்பா மற்ற அப்பாமாரைப் போலத்தான் பயப்படுவார். ஏன் அந்த டொக்டர் மருந்து தரேல்லை எண்டு அம்மாவோட சண்டை பிடிப்பார்" என்றா. மண்டபத்தில் சிரிப்பு எழும்பியது. ஊசி போடாத டொக்டர் தன் பிள்ளைக்கு மட்டும் ஊசி கேட்டிருக்கிறார்!

அவர் ஓய்வெடுத்தபோது முன்கூட்டியே எல்லாருக்கும் கடிதம் போட்டு, இங்கே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் எங்கள் கோப்புகளை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். ஒன்ராறியோவில் இலட்சக்கணக்கானோர் குடும்ப டொக்டர் இல்லாமல் இருக்கிற காலத்தில் இது லேசான உதவி இல்லை. புது டொக்டர் கெட்டிக்காரி. தமிழ் கொஞ்சம் தடக்கும். கிழமையில் இரண்டு நாள் இரவு எட்டு மணி வரை திறந்து வைத்திருக்கிறா. என் கணவருக்கு அது மெத்தச் சந்தோசம்.

அந்தியேட்டிச் சாப்பாட்டில் எனக்கு முன்னால் இருந்த ஒரு ஐயா, டொக்டர் தனக்கு ஒருமுறை ஊசி போட்டவர் என்று பெருமையாகச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. "சத்தியமாய்ப் போட்டவர், இந்தக் கையிலதான்" என்று அவர் சட்டையை உயர்த்தினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சோற்றைப் பிசைந்தபடி, "அது ஃப்ளூ ஊசி. ஒவ்வொரு இலையுதிர்காலமும் அந்த மனிசன் போன் அடிச்சுக் கூப்பிட, நீங்கள் அஞ்சு வருசம் ஒளிச்சுத் திரிஞ்சனீங்கள். கடைசியில நான்தான் இழுத்துக்கொண்டு போனனான்" என்றா. ஐயா விடவில்லை. ஊசி ஊசிதானே என்றார். அதில் மேசை இரண்டாகப் பிரிந்து, பாயாசம் வரும் வரைக்கும் சண்டை ஓடியது.