ரெண்டும் நடக்கலாமுங்க

நான் சொன்னதில் பிழை இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

ஜூன் மாதம். கர்நாடகக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம். நாமக்கல்லில் கோழித்தீவனத்துக்கான மீன்தூள் கொள்முதல் என் பொறுப்பு. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் இன்காய்ஸ் வெளியிடும் கடல்வெப்பப் படத்தில் கொல்லத்துப் பக்கம் நீர் குளிர்ந்திருந்தது. அதை முதலாளிக்குக் காட்டினேன். பருவக்காற்று கரையை ஒட்டித் தெற்கே வீச, மேல்நீர் கரையை விட்டு விலகும். அந்த இடத்துக்கு அடிநீர் ஏறிவரும். குளிர்ந்த, சத்துள்ள நீர். பாசி பெருகும், அதைத் தின்ன மத்தி வரும். தெற்கில் தொடங்கும் இந்தக் குளிர் மெல்ல வடக்கே நகரும். மத்தி மிகுந்தால், அதை அரைத்துச் செய்யும் மங்களூர் தூளின் ரேட் இறங்கும்.

"அப்போ ஆகஸ்ட் வரைக்கும் பொறுக்கலாங்கறயா?"

ஆமாங்க என்று நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஏறிவரும் அதே நீரில் ஆக்சிஜன் குறைவு. அது கரையோரத்தை அடைத்துக்கொண்டால் மீன் விலகிவிடும். அதையும் சொன்னேன்.

"வருமா, ஓடுமா? ஒண்ணைச் சொல்லு கண்ணு."

"ரெண்டும் நடக்கலாமுங்க."

அவர் கோபப்படவில்லை. போனில் புரோக்கரைப் பிடித்தார். "மீன் வராதுங்க, இப்பவே எடுத்துருங்க" என்றது அந்தப் பக்கம். லோடு புக் ஆகிவிட்டது.

வேறென்ன சொல்லியிருக்க முடியும்? கேரளத்தில் 2012-இல் பிடிபட்ட மத்தி சுமார் 3.9 லட்சம் டன். 2021-இல் 3,297 டன். இரண்டு வருடமும் காற்று வீசத்தான் செய்தது. உள்ளூர்க் காற்று மட்டுமா? வங்கக்கடலில் கிளம்பும் அலை இலங்கையைச் சுற்றிவந்து மலையாளக் கரையின் அடிநீரை ஏற்றி இறக்குகிறது. கார்த்திகை, மார்கழியில் நீரோட்டமே திரும்பி, உப்புக் குறைந்த வங்கக்கடல் நீர் வந்து அரபிக்கடலின் உப்புநீர்மேல் படர்கிறது. நாமக்கல்லில் உட்கார்ந்து இதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் கேட்டால்?

ஆனால் அவர் கேட்டது கடலையா? தூளை இப்போதே எடுப்பதா, சோயாப் புண்ணாக்கைக் கூட்டிக்கொண்டு காத்திருப்பதா என்பதைத்தானே. கோழி நாளைக்கும் தின்னும். தெரியாததைத் தெரியாது என்பது நேர்மைதான். நாளைக்கு யாரும் என்னைக் கைகாட்டக் கூடாது என்ற பயமும் அதற்குள் ஒளிந்திருந்ததோ என்னவோ.

ஆகஸ்டில் மத்தி வந்தது. ரேட்டும் கொஞ்சம் இறங்கியது. நான் சொன்னது பலித்தது என்று மார்தட்ட வழியில்லை. ரெண்டையும் சொன்னவனுக்கு எது நடந்தாலும் பலித்த கணக்குத்தான். புரோக்கரை முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே வாய்விட்டுக் கேட்டபோது, "அவன் ஒண்ணைச் சொன்னானல்ல" என்றார். இன்றும் எனக்குச் செரிக்காதது அதுதான்.

இப்போதெல்லாம் "நூத்துக்கு அறுபது வருமுங்க" என்கிறேன். அந்த அறுபது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.